வாசலில் எழுதிய வசனம் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் தன் பழைய வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்தார். வாசல் கேட்டில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று பெரிய எழுத்தில் இருக்குமாம், காலை ஐந்து மணிக்கே ஜெபச் சத்தம் மாடி வரைக்கும் கேட்குமாம், ஆனால் வீட்டைக் காலி பண்ணும்போது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற, கதவுக்குப் பெயின்ட் அடிக்க என்று நடக்காத வேலைக்கெல்லாம் கணக்குப் போட்டு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தாராம். “இதைத்தான் ஏசு சொல்லிக் கொடுத்தாரா?” என்று கேட்டு முடித்திருந்தார். அடுத்த வாரம் ஒரு கிறிஸ்தவ வாசகர், ஒரு ஆளை வைத்து ஒரு மதத்தையே எடை போடக் கூடாது என்று பதில் எழுதினார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

நானும் கிறிஸ்தவன். நாலு தலைமுறையாகத் திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெரிய வெள்ளி ஆராதனை, சபையார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை எல்லாம் சின்ன வயதிலிருந்து உண்டு. 1994ல் அரசுப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்து 2023ல் ஓய்வு பெற்றேன். அந்த வாசகரின் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த வீட்டுக்காரர் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. என் பேருந்தில் வந்து போனவர்களில் எத்தனை பேர் என்னைப் பற்றி இதே மாதிரி ஒரு கடிதம் எழுதலாம் என்று எனக்குத் தெரியும்.

‘இயேசுவைப் போல மாறுங்கள்’ என்று ஐம்பது வருடமாகப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கன்வென்ஷன் கூட்டங்களில் கையைத் தூக்கி ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்தும் இருக்கிறேன், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. ஒப்புக்கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, மறுநாள் முதல் ட்ரிப்பிலேயே ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டியவர் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் ஒப்புக்கொடுத்தல் பொய் என்று நினைத்து மனம் உடைந்து போவேன். அது பொய் இல்லை. ஆசை உண்மைதான், பழக்கம்தான் இல்லை. மாற வேண்டும் என்று சொன்னவர்கள் நிறையப் பேர், எப்படிப் பழகுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர்கள் மிகவும் குறைவு. எங்கள் சபைகளைப் பற்றி எனக்குள்ள பெரிய மனவருத்தம் இது.

நடத்துநர் வேலையை நான் எப்படிக் கற்றேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். வகுப்பில் விதிமுறை எல்லாம் சொன்னார்கள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் ஒரு மூத்த நடத்துநரோடு சில நாட்கள் வண்டியில் அனுப்பினார்கள், நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் இடுப்பை எப்படிக் கம்பியில் சாய்த்து நிற்பது, நோட்டுகளை நீளவாக்கில் மடித்து எந்த விரல் இடுக்கில் எந்த நோட்டை வைப்பது, டிக்கெட் கட்டில் ஒரே ஒரு தாளை மட்டும் எப்படிக் கிழிப்பது, எல்லாம் அவரைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான். இரண்டு தாள் கிழிந்தால் என் கைக்காசு போகும், அப்படியும் பல தடவை போயிருக்கிறது. ஆறு மாதத்தில் யோசிக்காமலே கை செய்தது. ‘என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று மத்தேயு 11ல் இயேசு சொல்வது இந்த மாதிரிக் கற்பதைத்தான் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. என் அப்பா உழவுக்குப் புது மாட்டைப் பழக்கும்போது பழகின மாட்டோடுதான் சேர்த்துப் பூட்டுவார். புது மாடு முரண்டு பிடிக்கும், படுக்கும், கயிற்றை இழுக்கும். பழகின மாடு அதன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். சில நாளில் இதுவும் அதன் நடைக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் முன்பு இருந்த ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் வேதபாட வகுப்பில் சொன்னது. பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், அடிச்சுவடுகளைத் தொடர்ந்து வரும்படி கிறிஸ்து நமக்கு மாதிரியைப் பின்வைத்துப் போனார் என்று வருகிறது. அந்த ‘மாதிரி’ என்ற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் எழுத்தைக் குறிப்பதாம். நம் ஊரில் சிலேட்டில் டீச்சர் பெரிதாக ‘அ’ போட்டுக் கொடுப்பார், பிள்ளை அதன் மேலேயே குச்சியை வைத்துத் திரும்பத் திரும்ப எழுதும், ‘அ’ பட்டையாகி, மொத்தையாகி, கோடு வெளியே போய், கடைசியில் ஒருநாள் தனியாக எழுத வரும். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு மனதில் பெரிய பாரம் இறங்கியது. முதல் நாளே அழகாக எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த எழுத்தின் மேலேயே எழுது என்றுதான் சொல்லியிருக்கிறது.

சரி, எனக்கு அந்தப் பாடம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன், சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எங்களில் பலருக்கு அப்போது எரிச்சல். கூட்டம் அதிகம், வேலை அதிகம், கலெக்‌ஷன் குறையுமே, பேட்டா என்ன ஆகும் என்று டிப்போவில் ஒரே பேச்சு. ஒரு நாள் காலை ஒரு ஆச்சி ஏறினார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு, தலையில் கடகப்பெட்டி நிறைய முருங்கைக்கீரை. படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை எடுக்க முடியாமல் நின்றார். நான் எல்லோர் முன்னாலும், “ஓசியில வாறதுக்கு இவ்வளவு சாமானா? சீக்கிரம் ஏறும்மா” என்று கத்தினேன். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. சந்தை நிறுத்தத்தில் இறங்கும்போது பெட்டியை யாரோ தூக்கிவிட, தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “கோவப்படாத ராசா, விடியக்காலத்துல இருந்து நின்னுக்கிட்டே வாற, காலு வலிக்கும். நல்லா இருய்யா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

‘அவர் வையப்படும்போது பதில்வையாமலும்’, அதாவது இயேசு தன்னைத் திட்டியவர்களைத் திருப்பித் திட்டவில்லை என்ற வசனம் எனக்கு மனப்பாடம். ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த வசனம் நடந்து வந்து என் பேருந்தில் ஏறியதை நான் பார்த்தேன், நெற்றியில் திருநீறோடு. வசனத்தை மனப்பாடம் பண்ணியவன் கத்தினான், அதை ஒருநாளும் படிக்காத ஆச்சி அப்படி நடந்தார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை இயேசு ஏன் யூதர்கள் ஒதுக்கிய சமாரியனை வைத்துச் சொன்னார், ஏன் ஆலய ஊழியம் செய்கிற ஒரு ஆசாரியனையும் லேவியனையும் பார்த்தும் பாராமல் போகவைத்தார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த ஆச்சியை அப்புறம் நான் பார்க்கவில்லை, மன்னிப்புக் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஒரு பாரம்தான்.

அன்றிலிருந்து ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டேன். மாற்கு சுவிசேஷத்தில் எரிகோவை விட்டுக் கிளம்பும்போது வழியோரம் இருந்த குருடன் பர்திமேயு சத்தம் போடுகிறான், கூட இருப்பவர்கள் பேசாதே என்று அவனை அதட்டுகிறார்கள். அங்கே ‘இயேசு நின்று’ என்று இருக்கிறது. எருசலேமுக்குப் போகிற வழி, கூட்டமோ நெருக்குகிறது, நின்றார். நின்றதோடு விடவில்லை, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அந்த அவசரத்திலும் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்ட ஒரு பெண்ணுக்காக நின்றார். சுவிசேஷங்களை வாசிக்கிறவர்கள் கவனித்துப் பாருங்கள், அவர் செய்த நல்ல காரியங்களில் எத்தனை காரியம் போகிற வழியில் யாரோ இடைமறித்ததால் நடந்தது என்று. எனக்கோ நாள் முழுக்க இடைமறிப்புத்தான் வேலையே. அதனால் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: வயதானவர், பிள்ளை வைத்திருப்பவர், பாரம் சுமப்பவர் இரண்டு காலும் உள்ளே வந்து கம்பியைப் பிடிக்கும் வரை இரட்டை விசில் கொடுக்க மாட்டேன். ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், நேரம் போகிறது என்று திரும்பிப் பார்ப்பார். நேரம் போகத்தான் செய்தது. ஆனால் ஒரு ட்ரிப்புக்கு மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் ஒன்றிரண்டு நிமிடம்தான், அதற்காகவா இத்தனை வருடம் கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

முதல் மாதம் பாதி நாள் தவறினேன். கோபம் வாய்க்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும். அப்புறம் கோபம் வரும்போதே ஞாபகம் வந்தது. அப்புறம் சில நாள் கோபமே வரவில்லை, சில நாள் பழையபடி வந்தது. ஒரு ஆள் குடித்துவிட்டு என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான், அன்றைக்கு என் கை ஓங்கிவிட்டது, பயணிகள்தான் பிடித்தார்கள். சமாரியாவில் ஒரு கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ளாதபோது சீஷர்கள் வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லவா என்று கேட்கிறார்கள். இயேசு அவர்களை அதட்டுகிறார், அதன்பின்பு அவர்கள் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த வரியை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எத்தனையோ சண்டையில் வேறொரு கிராமத்துக்குப் போவது எனக்கு உதவியது, அதாவது பையை எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்கு டிக்கெட் போடப் போய்விடுவது.

அப்புறம் சில்லறை. இதைக் கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன், அந்த வீட்டுக்காரர் விஷயத்துக்குப் பக்கத்தில் வருவதால். சில்லறை இல்லாதபோது நடத்துநர்கள் மீதித் தொகையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்போம், இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வோம். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நான் திருடவில்லை, அவர்கள்தான் வாங்காமல் போனார்கள் என்று இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அந்தக் காசு டீக்கும் வடைக்கும் போகும், ஞாயிற்றுக்கிழமை அதில் கொஞ்சம் காணிக்கைப் பைக்கும் போயிருக்கும். லூக்கா 19ல் சகேயு என்ன செய்தான்? ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன் அவன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். யாருக்கு? தேவாலயத்துக்கு இல்லை, யாரிடம் வாங்கினானோ அவர்களுக்கு. இயேசு அவன் வீட்டில் தங்கினார், அவனைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து பேசியதாக எழுதியிருக்கவில்லை, ஆனாலும் அவன் பணப்பையைத் திறந்தான். என்னால் பழைய பயணிகளைத் தேடிப் பிடிக்க முடியாது. கடைசி இரண்டு வருடம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால், “பாக்கி வாங்க வேண்டியவங்க வாங்கிக்கோங்க” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்களை முகத்தை ஞாபகம் வைத்து நானே கூப்பிட்டுக் கொடுத்தேன். உங்கள் வாசகரின் வீட்டுக்காரர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு சகோதரனாகச் சொல்கிறேன்: ஐயா, எனக்கு ஆள் கிடைக்கவில்லை, உங்களுக்கு ஆள் தெரியும், போன் நம்பரும் இருக்கும். பிடித்துக்கொண்ட பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் வெளியே. வீட்டில்தான் கஷ்டம். ஒரு நாள் என் மனைவி, “பஸ்ல கெழவிகளுக்கெல்லாம் கை கொடுத்து ஏத்தி விடுறீங்களாம், ஊர்ல சொல்றாங்க. இங்க ஒரு குடம் தண்ணி தூக்கித் தரலையே” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், அதனால்தான் அதிகம் தைத்தது. இயேசு ஊழியத்தைத் தொடங்கும்போது ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முன்னால் அத்தனை வருடமும் நாசரேத்தில் தச்சுப் பட்டறை, அம்மா, தம்பி தங்கைகள், ஒரு சின்ன ஊரின் வாழ்க்கை. அவரைப் பற்றிப் பேசும்போது நாம் கடைசி மூன்று வருடத்தையே பேசுகிறோம், அற்புதம், பிரசங்கம், சிலுவை. ஒரு வீட்டில் ஒரு மகனாக, ஒரு அண்ணனாக, சொன்ன நாளில் கலப்பையைச் செய்து கொடுக்க வேண்டிய ஒரு தொழிலாளியாக அவர் இருந்த காலம்தான் நீளமானது. பேருந்தில் காட்டுகிற பொறுமையைப் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது, பாராட்ட ஆள் இருக்கிறது, வீட்டில் காட்டுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. எனக்கு இப்போது நுகம் அங்கேதான் கனக்கிறது. தண்ணீர் எடுக்கிறேன், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வாயைத் திறப்பதில்லை. மகளிடம் பேசும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் பேச இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. முதல் வண்டிக்குப் போகிறவனுக்கு அதிகாலை ஜெபம் முடியாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் டிப்போவில் ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வரும் வரை காலி வண்டியின் கடைசி சீட்டில் பத்து நிமிடம் உட்கார ஆரம்பித்தேன். சுவிசேஷத்தில் ஒரு சம்பவம், அதில் இயேசு என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார், இன்றைக்கு எந்த இடத்தில் எனக்கு இது வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் இல்லாத நாளையும் இருந்த நாளையும் என் ஓட்டுநரே வித்தியாசம் கண்டுபிடித்துச் சொல்லுவார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ‘இயேசுவைப் போலப் பொறுத்துக்கொள்’ என்ற வார்த்தையை அடிக்கிற புருஷனோடு வாழும் பெண்களிடம் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். என் உறவிலேயே நடந்தது, பெரியவர்கள் கூடி ஜெபித்துவிட்டு அந்தப் பிள்ளையைத் திரும்பவும் அதே வீட்டுக்கு அனுப்பினார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது பாவம். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் என்ன செய்தார் என்று யோவான் 18ல் பாருங்கள். நான் தகாதவிதமாய்ப் பேசியிருந்தால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேட்டார். சூம்பின கையுள்ள மனுஷன் ஜெப ஆலயத்தில் நிற்க, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் சுகமாக்குவாரோ என்று குற்றம் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை அவர் கோபத்துடனே சுற்றிப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். தன்னை அவமதித்தவர்களிடம் பொறுமை, எளியவனை மிதிப்பவர்களிடம் கோபம், அவரிடத்தில் இரண்டும் இருந்தன. நாம் பெரும்பாலும் தலைகீழாக வைத்திருக்கிறோம், நம்மை ஒரு வார்த்தை சொன்னால் கொதிக்கிறோம், அடுத்தவனை அடித்தால் சாந்தமாக இருக்கிறோம்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகள் நடுவே பல வருடம் வேலை செய்த மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பும், ஆறு வயது திமோத்தேயுவும் வண்டிக்குள் தூங்கும்போது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மா, மன்னித்துவிட்டேன் என்று சொன்னதோடு மட்டும் நிற்காமல், மகளோடு அங்கேயே இருந்து அந்தத் தொழுநோயாளர் வேலையைத் தொடர்ந்தார். 2005ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. நீதிமன்றம் தன் வேலையைத் தனியாகச் செய்தது, மன்னிப்பு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அந்த அம்மாவின் மன்னிப்பு ஒரே இரவில் எங்கிருந்தோ வந்து விழுந்திருக்காது என்பது என் எண்ணம். எத்தனையோ வருடம் சின்னச் சின்னதாக எழுதி எழுதிப் பழகிய கை அது.

எங்கள் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது, களக்காட்டுக்குப் பக்கத்தில். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901லிருந்து அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1931ல் கீழே விழுந்து அடிபட்டதிலிருந்து 1951ல் மரிக்கும் வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். இருபது வருடம். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து ‘அம்மா’ என்று எழுதினார்கள். கல்வெட்டிலும் அஸ்திபாரக் கல்லிலும் பெயர் வரவில்லை என்று சபைக் கமிட்டியில் சண்டை போடுகிற எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு மாதிரி எழுத்து இருக்கிறது.

கடைசியாக, இந்தக் கடிதத்தை உங்கள் பத்திரிகைக்கே ஏன் எழுதுகிறேன் என்பது. 2017ல் என் மகனுக்குப் பெண் தேடி ஞாயிறு மணமக்கள் பகுதியில் விளம்பரம் கொடுத்தேன். படிப்பு, உயரம், வேலை, சி.எஸ்.ஐ., இரட்சிக்கப்பட்ட பெண் தேவை என்று எழுதிவிட்டு, அதற்கு அடுத்ததாகச் சாதியையும் எழுதினேன். எனக்கு அப்போது உறுத்தவே இல்லை. ஒரு நல்ல இடம் வந்தது, பெண் நர்ஸ், ஜெபிக்கிற குடும்பம், நேரில் பார்த்துப் பேசி மகனுக்கும் பிடித்திருந்தது. அவர்கள் சாதி சொல்லவில்லை, நாங்கள் ஊரில் மெதுவாக விசாரித்தோம், தெரிந்துகொண்டோம். அப்புறம் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் பண்ணி, “ஜெபிச்சுப் பார்த்தோம், உள்ளத்துல சமாதானம் வரலைங்க” என்று சொன்னேன். நான் ஜெபிக்கவே இல்லை. ஆண்டவர் பெயரில் ஒரு தகப்பனிடம் பொய் சொன்னேன். அவர், “சரிங்கய்யா, தேவ சித்தம்” என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

யோவான் நாலாம் அதிகாரத்தில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் சமாரியருடனே ‘சம்பந்தங்கலவாதவர்கள்’ என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. இருநூறு தடவை வாசித்திருப்பேன். மொழிபெயர்த்தவர்கள் பொதுவான பழக்கவழக்கம் என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நம் ஊரில் சம்பந்தம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அந்த வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், அவள் பாத்திரத்திலிருந்து. சபைக்குள் சாதி வேற்றுமை ஒரேயடியாக ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை அனுப்பினார், தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் அதை எதிர்த்துச் சபையை விட்டே போனார்கள் என்பது சரித்திரம். கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகப்போகிறது. அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாவின் சோற்றைச் சாப்பிடுகிறோம், கை கழுவிவிட்டு எழுந்ததும் பிரிந்துவிடுகிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரித்து வைத்திருக்கிறோம். கோபத்தை அடக்குவது, சில்லறையைக் கொடுப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் பழகிக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டால், நான் யாருடைய எழுத்தின் மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

இப்போது என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். போன மாதம் உங்கள் விளம்பரப் பிரிவுக்கு வந்தேன். படிவத்தில் சாதிக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது, “சார், இது போடலைன்னா எந்தத் தலைப்புக்குக் கீழ போடுறது?” என்று. அதுவும் நியாயமான கேள்விதான், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ விளம்பரங்களும் சாதிவாரியாகத்தான் பிரிந்து வருகின்றன. ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ‘கிறிஸ்தவர்’ என்று மட்டும் ஒரு தலைப்பு வையுங்கள், அதற்குக் கீழே சாதி போடாத விளம்பரங்களைப் போடுங்கள். முதல் வாரம் அதில் ஒரே ஒரு விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை. கிறிஸ்தவ வாசகர்களிடம் கேட்பது, அடுத்த தடவை படிவம் நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கும் முன் யோவான் நாலை ஒரு தடவை வாசியுங்கள்.

என் விளம்பரத்தை ‘இதர’ என்ற தலைப்பில் போட்டிருந்தார்கள். இதுவரை இரண்டு கடிதம் வந்திருக்கிறது. ஒன்று நாகர்கோவில் பக்கம், இன்னொன்று மதுரை. இரண்டிலும் சாதி எழுதவில்லை, நாங்களும் விசாரிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை மதுரைக்குப் போகிறோம், மகளும் கூட வருகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
பாளையங்கோட்டை

(மகளின் திருமணப் பேச்சு நடப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)